சின்ன நாட்டின் நாற்காலி

ரைன் நதிக்கரையோரமாகத் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலைக்குக் கொடுத்த வெள்ளைச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையை மட்டும் வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள். ஸ்டுட்கார்ட்டிலும் பேர்லினிலும் பறிபோன வேலைகளோடு பார்த்தால் இது பெரிய விஷயமில்லை. ஆனால் இந்தப் பான் நகரில் நான் படுத்துவந்தது, இந்த வேலையை எடுத்துத் தந்த அண்ணையின் வீட்டில். அங்கே இனிப் போக முகமில்லை. அதனால்தான் நடை.

உலக நாடுகள் கூடிக் காலநிலை பற்றிப் பேசும் மண்டபம் அது. அண்ணை ஒப்பந்தம் எடுத்திருந்தார்; மேசைகளுக்குத் தண்ணீர் வைப்பது என் வேலை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நாற்காலி, ஒரு பெயர்ப்பலகை. பேச விரும்புகிறவர் பலகையை நிமிர்த்தி வைப்பார். வாக்கெடுப்பு என்று ஒன்றில்லை. தலைவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்பார். பலகை எதுவும் நிமிராவிட்டால் மரச்சுத்தியலைத் தட்டுவார். தட்டினால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், எழும்பிப் போனவர் உட்பட.

பெரிய நாடுகள் கூட்டமாக வந்திருந்தன. ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் வந்து இருப்பார். கடைசி வரிசையில் பசிபிக் கடலின் ஒரு தீவு நாடு. அதற்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காய்ச்சலில் விடுதியில் கிடந்தார். மிஞ்சியது ஓர் அம்மா.

கடல் தின்ற நிலத்துக்கும் உப்பேறிய கிணறுகளுக்கும் பெரிய நாடுகளைப் பொறுப்பேற்கச் சொல்லி, தீர்மானத்தில் இருக்க வேண்டிய ஒரு வசனத்துக்காகவே அவர் வந்திருந்தார். போன முறை அவர்களுடைய ஆள் சாப்பிடப் போன நேரத்தில் சுத்தியல் விழுந்து அந்த வசனம் போய்விட்டதாம். தண்ணீர் ஊற்றும்போது இதை எனக்குச் சொன்னார். எனக்குத் தெரிந்தது சமையலறை ஆங்கிலம்தான், ஆனால் அவர் மெதுவாகப் பேசினார். நானும் தீவான், சின்னத் தீவொன்றில் பிறந்தவன். கிணறு உவராவது என்னவென்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்று கூட்டம் மத்தியானத்தைத் தாண்டியும் இழுத்தது. தலைவர் ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டிய சர்க்கரை நோய். வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மண்டபத்துக்குள் தண்ணீர் தவிர எதுவும் கொண்டுபோகக் கூடாது. அண்ணையின் மனைவி எங்களுக்குச் சாப்பிடக் கொடுத்துவிட்ட மீன் ரோல்ஸ் இருந்தது. அதைத் துவாயில் சுற்றித் தண்ணீர்க் குவளையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மீன் ரோல்ஸைத் துவாயால் மறைக்கலாம், மணத்தை மறைக்க ஏலாது. முன்வரிசை நாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவர் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். காவலாளி என் தோளைத் தொட்டார்.

வாசல்வரை வந்த அண்ணை கோபத்தில் சிவந்திருந்தார்.

"உனக்கென்ன விசரோ? என்ர ஒப்பந்தமே போகப் பாத்தது."

"அவவுக்குக் கை நடுங்கினது அண்ணை."

"நடுங்கட்டும். அவவுக்கு ஒரு நாடெண்டாலும் இருக்கு. உனக்கென்ன இருக்கு?"

நான் தெருப் பக்கம் திரும்பினேன்.

"நாட்டைக் காப்பாத்தப் போனவர், நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்" என்றார்.

பாலத்தை நெருங்கும்போது பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். அதே அம்மா, சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். கூட்டத்தை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்துவிட்டார்களாம். வசனம் இன்னும் உயிரோடு இருந்தது.

"நாளைக்கு என் நாற்காலியில் இருக்க ஓர் ஆள் வேண்டும்," என்றார். "நான் ஊசி போட்டுச் சாப்பிட்டுவிட்டு வரும்வரைக்கும்."

பக்கத்துத் தீவுகளிடம் கேட்கலாமே என்றேன். அவர்களிடமும் ஆளில்லை என்றார். சின்ன அறைகளில் நடக்கும் கூட்டங்களை எல்லாத் தீவுக்காரரும் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்வார்களாம். கடைசிக் கூட்டத்தில் மட்டும் அவரவர் நாற்காலியை அவரவர்தான் காக்க வேண்டும்.

"நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உங்கள் அரசியல் எனக்குத் தெரியாது."

"ஓரிடத்தில் இருக்கத் தெரியுமா?"

"அதுவும் பழக்கமில்லை."

சிரித்தார். "எங்களிடம் படையில்லை. விற்க எண்ணெய் இல்லை. இருக்கிறது ஒரு நாற்காலி. அதை விட்டு எழும்பாமல் இருப்பதுதான் எங்கள் வெளியுறவுக் கொள்கை."

வெளிநாட்டு ஆட்களைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்வது சின்ன நாடுகளுக்கு வழக்கம் என்றார். அடையாளப் பத்திரம் கேட்டார். அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகத்தை நீட்டினேன். இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அடித்திருக்கும். நின்று படித்தார்.

"எல்லா நாடுகளுக்கும் என்றால் எங்கள் நாட்டுக்கும்தானே," என்றார்.

பிறகு தன் நாட்டு வெளியுறவு அமைச்சை அழைத்தார். அங்கே இன்னும் விடியவில்லை. எடுத்தவர் கொட்டாவி விட்டது எனக்கும் கேட்டது. அவருடைய மச்சானாம். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அன்றிரவு காய்ச்சல்காரரின் அறையில் நிலத்தில் படுத்தேன்.

காலையில் வாசலில் அதே காவலாளி. புது அட்டையில் என் பெயரையும் அதன் கீழே இருந்த நாட்டையும் வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லி விலகி நின்றார்.

அந்த அம்மா பலகையை என் கைக்கு அருகே வைத்தார். "பேச வேண்டாம். தலைவர் சுத்தியலை எடுத்தால் இதை நிமிர்த்துங்கள். அவர் எங்கள் பெயரை அழைத்து முடிப்பதற்குள் வந்துவிடுவேன்." சாப்பாட்டுப் பக்கம் வேகமாகப் போனார்.

தண்ணீர் வைக்க வந்தவர் அண்ணை. எனக்குப் பதில் வேறு ஆள் கிடைக்கவில்லைப் போலும்.

"எக்ஸலன்சிக்குத் தண்ணி வேணுமோ?"

"ஓம், வையுங்கோ."

"ரெண்டு ரோல்ஸ் வெளியில வைச்சிருக்கிறன். உள்ள கொண்டுவர மாட்டன்." குரலைத் தாழ்த்தினார். "எழும்பிப் போயிடாத."

"இல்லை அண்ணை. இருக்கிறன்."

வசனத்தை வெட்டிய தீர்மான வரைவை முன்னால் வாசித்தார்கள். கதவுப் பக்கம் பார்த்தேன். அவர் இன்னும் வரவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். பலகையை நிமிர்த்தி வைத்தேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் நாட்டின் பெயரை அழைத்தார்.