உராய்வா, ஆணியா?

பின்லாந்தில் ஒரு காருக்கு எட்டுச் சக்கரங்கள். நான்கு ஓடும், மற்ற நான்கு அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், பெயர் எழுதிய உறைக்குள், அடுத்த பருவத்துக்காகக் காத்திருக்கும். வெயிலையும் கடும் வெயிலையும் தவிர வேறு பருவம் அறியாத சிவகாசிப் பக்கத்துக்காரனுக்கு இது முதலில் ஆடம்பரமாகவே பட்டது. ஆனால் தரை உறைந்த முதல் காலையில், கோடைக்கால டயரோடு என் மனைவி முத்துச்செல்வி பிரேக்கை மிதித்தபோது, எங்கள் கார் நிற்காமல் வழுக்கிச் சென்று, சாலைக்குக் குறுக்காகத் திரும்பி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஏரிக்கரைச் சாலை வழியே தினமும் மருத்துவமனைக்குச் செவிலியர் பணிக்குச் செல்பவள் அவள். "சரியான டயரு மாட்டுங்க. இல்லைன்னா வண்டிய வித்துட்டு நான் பஸ்ல போய்க்கிறேன்" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டாள்.

விற்பதா? எங்கள் இரு குடும்பங்களிலும் அதுதான் முதல் கார். கருஞ்சிவப்பு நிறம், தாழ்ந்த உடல், இரண்டே கதவுகள், பத்தொன்பது இஞ்சு அலாய் வீல்கள். அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவரின் மகன் ஓட்டும் கார் அது என்பதை எந்த மேடையிலும் தலைநிமிர்ந்தே சொல்வேன்.

டயர் கடைக்காரர் சொற்சிக்கனம் மிக்கவர். "கித்காவா, நஸ்தாவா?" என்றார். முதல் சொல்லுக்கு உராய்வு என்று பொருள்: ஆணியின்றி, மென்மையான ரப்பராலேயே பனியைப் பற்றும் டயர். மற்றது உலோக ஆணிகள் பதித்த டயர்.

இந்த இரண்டு சொற்களும் எங்கள் ஊர்க் காதில் எப்படி விழும்? மருந்தறைக்குள் அப்பா வெறுங்காலோடுதான் நுழைவார். பித்தளையும் மரமுமே அங்கே கருவிகள், இரும்புக்கு இடமில்லை. எதையும் தரையில் இழுக்கக் கூடாது; ஒரு பொறி போதும், அறையே வெடித்துவிடும். வீட்டில் நாற்காலியைத் தள்ளினாலும் "தூக்கி வைலே, உரசாத" என்றுதான் குரல் வரும். ஆகவே யோசிக்கும் முன்பே என் வாய் முந்திக்கொண்டது: "உராய்வும் வேண்டாம், ஆணியும் வேண்டாம்!"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அப்படியானால் உங்களுக்குத் தேவை டயரல்ல, படகு."

விருதுநகர்க் கல்லூரிப் பட்டிமன்ற மேடைகளில் எந்த எதிரணியும் என்னை ஒரே வரியில் இப்படி வீழ்த்தியதில்லை. சுதாரித்துக்கொண்டு, இரண்டில் ஒன்றென்றால் உராய்வே என்று வாதிட்டேன்: சத்தமில்லை, ஆணியில்லை, பத்தொன்பது இஞ்சு அழகும் குலையாது. ஒவ்வொரு வாதத்துக்கும் "யோ", அதாவது ஆம், என்றார். ஒப்புதல் என்று மகிழ்ந்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் இங்கே அதுவே சொல் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் முடித்ததும் சொன்னார்: "பத்தொன்பதில் ரப்பர் மெல்லியது, குழியில் வீல் வளையும். பதினேழு உங்கள் பிரேக்கில் இடிக்கும். பதினெட்டே சரி. எந்த டயர் என்பதை ஓட்டுபவரிடம் கேளுங்கள்."

"கடைக்காரர்ட்டயும் பட்டிமன்றம் நடத்துனீகளாக்கும்?" என்றாள் செல்வி. "ஏரிக்கரை ரோடு கண்ணாடி கணக்கா கெடக்கு. ஓட்டப் போறது நானு. எனக்கு ஆணி வேணும்."

"சத்தம் போடும்."

"போடட்டும். நீங்க போடாத சத்தமா?"

தொலைபேசியில் அப்பா பதறினார். "ஏலே, ஆணி வச்ச டயரா? தீப்பொறி பறக்காதா?"

"பறந்தாலும் இங்கன பத்திக்க என்னப்பா இருக்கு? எல்லாம் பனி."

"அம்புட்டும் பனியா?" என்று சிரித்தார்.

அந்தப் பதற்றம்தான் அவரை ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதை மூடத்தனம் என்று சொல்ல எவரையும் விடமாட்டேன். ஆனால் அங்கே உயிரைக் காத்த விதி இங்கே உயிரை எடுக்கும். அதை உணர்ந்து தோற்றதில் எனக்குப் பெருமையே. பதினெட்டு இஞ்சு, எளிய வெள்ளி நிற வீல்கள், ஆணி டயர்கள் வாங்கினோம்.

ஞாயிறு காலை, ஆளில்லாத ஏரிக்கரைச் சாலையில் செல்வி வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தாள். கார் நேராக நின்றது. மீண்டும் ஒருமுறை மிதித்தாள், நின்றது. "வண்டி இருக்கட்டும்" என்றாள்.

நகருக்குள் பனி அகற்றிய தார்ச்சாலை. ஆணிகள் சடசடத்தன. வீடியோ அழைப்பில், என் கைப்பேசித் திரையில் இருந்த அப்பா கண்களைச் சுருக்கினார். "அங்கன யாருலே சரவெடி போடுறா?"

"நம்ம வண்டிதாம்ப்பா."

நடைபாதையில் சென்ற ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா மட்டும், சரம் பாதியில் அணைந்துபோகுமோ என்று ஆலையில் சோதிப்பவரைப் போல, காதைத் திரையோடு வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.