லட்சுமிக்கு இரண்டு மூக்குத்தி

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சாபீஸில், பாதி இறக்கியிருந்த ஷட்டரில் உச்சந்தலை நங்கென்று முட்டியது. ரத்தம் வரவில்லை. அதனால் அடியே இல்லை என்று முடிவு கட்டினேன். மனைவி விடாமல் இழுத்துப் போனாள்; ஸ்கேன் பார்த்த டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்லை. மூளை லேசா அதிர்ந்திருக்கு, ஓய்வுதான் மருந்து" என்றார். காலண்டர் சீசனில் ஓய்வாவது! மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன்.

மிஷினிலிருந்து வரும் தாளைச் சரிபார்ப்பது என் வேலை. நான்கு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். அன்று வந்த காலண்டர் தாளில் லட்சுமி படத்துக்கு இரண்டு மூக்குத்தி. தாளைப் பெரிதாக்கிப் பார்க்கும் லென்ஸைக்கூடத் தொடவில்லை, என் கண்ணின்மேல் அவ்வளவு திமிர்.

"கலர் விலகியிருக்கு, நிறுத்துலே!"

மிஷின்மேன் பிளேட்டை நகர்த்தினான். அப்போதும் இரண்டு. மறுபடி நகர்த்தச் சொன்னேன். ஒரு கட்டுத் தாள் பாழான பிறகு அவன் முதல் தாளையும் லென்ஸையும் நீட்டினான். "கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. இது சரியாத்தான் இருக்கு."

ஒரு கண்ணை மூடி லென்ஸில் பார்த்தேன். ஒரே மூக்குத்தி. நிமிர்ந்து இரண்டு கண்ணாலும் பார்த்தால் மிஷின்மேனே இரண்டு பேராக நின்றான். கண் போனால் என் பிழைப்பே போச்சு.

டாக்டர் இந்த முறை என் மனைவியிடம் பேசினார். எதையும் கொஞ்சம்தான் செய்யணும், தலை கனத்தால் நிறுத்தணும், மறுநாள் இன்னும் கொஞ்சம். அவள் செல்போனைப் பிடுங்கி வைத்தாள், ஜன்னலுக்குச் சேலை கட்டினாள். "இனி இங்கன நான் சொல்றதுதான் சட்டம்" என்றாள். குக்கர் விசிலுக்கு எரிந்து விழுந்தேன். தெருவில் கல்யாண வீட்டார் சரவெடி கொளுத்தியபோது தலையணையில் முகம் புதைத்து அழுதேன். பிறகு தெருமுனை வரை நடந்தேன், பேப்பரில் தலைப்பு மட்டும் படித்தேன். இரண்டிரண்டாகத் தெரிந்த எழுத்துகள் மெல்ல மெல்ல ஒன்றாயின.

டாக்டர் சம்மதித்த பிறகு, அரை நாள் வேலைக்குப் போனேன். வந்த தாளில் லட்சுமிக்கு இரண்டு மூக்குத்தி! ஒரு கண்ணை மூடினேன். அப்போதும் இரண்டு.

"நிறுத்துலே!"

மிஷின்மேன் தயங்கினான். "அண்ணாச்சி, மிஷினா, தலையா?"

லென்ஸை நீட்டினேன். குனிந்து பார்த்தவன் கத்தினான். "மிஷினுதான் அண்ணாச்சி! சிவப்பு விலகிக் கெடக்கு!"

பாழான தாளைப் பார்த்து அப்படிச் சிரித்தவன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி முன் விரித்தேன்.

அவள் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எனக்கும் ரெண்டாத்தாங்க தெரியுது."