கடலுக்குப் போகாத காலை

திருவொற்றியூர்க் கடற்கரை, காலை பத்து மணி. கடல் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குப்பத்துப் படகுகள் எல்லாம் மணலில் கிடக்கின்றன. அம்மன் கோயில் மண்டபத்தில் ஆண்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே, மதில் நிழலில், காலி மீன்கூடையோடு ஓர் அம்மா.

"ஏம்மா, அரசாங்கத் தடையா?"

"கெவுர்மெண்ட்டு இல்ல நைனா, ஊரு. வலைத் தகராறு. தீர்ற வரைக்கும் யாரும் கடலுக்குப் போவக் கூடாதுன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிகீறாங்கோ."

அண்ணன் தம்பிகளாகக் கூடி, சாமி முன் சத்தியம் செய்து, அதற்கு எல்லோரும் கட்டுப்படுவது. அரசு என்பதே இப்படித்தான் பிறந்தது என்று எங்கோ படித்திருக்கிறேன். நேரில் பார்க்கப் பிடித்திருக்கிறது.

"கவுன்சிலர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"நான்தான் கவுன்சிலரு."

"அப்ப நீங்க உள்ளே போகலையா?"

"ஊர்க்கூட்டத்துல பொம்பளைங்க குந்தக் கூடாதே. உள்ள கீறவங்கோ அத்தினி பேரும் எனக்கு ஓட்டுப் போட்டவங்கோதான்."

இதில் எது அரசாங்கம்? எனக்குத் தலை சுற்றுகிறது. அவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

"நீ ஆம்பளதானே? நாளைக்காவது கடலுக்கு வுடுவாங்களான்னு உள்ள போய்க் கேட்டுகினு வா."

வெளியூர்க்காரனான நான் செருப்பைக் கழற்றுகிறேன்.