அவளுடைய அலமாரிப் பூட்டு

சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பதுதான் தன் புதுப் பொழுதுபோக்கு என்று கூடக் குடியிருப்பவள் சொன்னால், புத்தியுள்ள எவளும் முதலில் தன் அலமாரியைத்தான் திரும்பிப் பார்ப்பாள். நானும் பார்த்தேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மலையாளக் கரையில், கழக்கூட்டம் என்கிற ஐ.டி. பேட்டையில் ஒரு வாடகை பிளாட்டில் நாங்கள் இரண்டு பேர். அவளுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங். எதைக் கையில் கொடுத்தாலும் அது எங்கே உடையும் என்று பார்க்கிற உத்தியோகம். எனக்கு வேறொரு கம்பெனியில் சம்பளப் பிரிவு. அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள், அக்கா என்பதை மலையாளத்தில் சேச்சி என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் நாகர்கோவில் ஊர். எங்கள் அம்மாக்கள் இரண்டு பேரும் ஒரே சபை. ஆராதனை முடிந்தபிறகு அரை மணி நேரம் வாசலில் நின்று பேசாமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். என் சந்தேகமெல்லாம் அந்த வாசலில்தான் வேர் பிடித்தது.

பிளாட்டில் படுக்கையறை ஒன்று, அலமாரி இரண்டு. அலமாரிகளின் சொந்தப் பூட்டு எந்தக் காலத்திலோ கெட்டுப்போய், வீட்டுக்காரர் கொண்டி அடித்துக் கொடுத்திருந்தார். ஆளுக்கொரு சின்னப் பித்தளைப் பூட்டு அதில் தொங்கும். என் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒரு பச்சை ஃபைல் இருந்தது. கோர்ட் இருக்கிற வஞ்சியூரில் ஒரு வக்கீலைப் பார்த்து எழுதி வைத்திருந்த விவாகரத்து மனு. கணவரை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகியும், வேலைக்காகப் பிரிந்திருக்கிறோம் என்றே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனு விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் பாஸ்டர், பெரியப்பா, கணவர் வீட்டு ஆட்கள் என்று ஒரு கார் நிறைய வந்து இறங்கிச் சமாதானம் பேசுவார்கள். முன்பு ஒரு தடவை அப்படிப் பேசித்தான் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். போய் நான் பட்டது போதும். அதனால் கோர்ட்டில் கொடுத்து முடிக்கிறவரை ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது என்றிருந்தேன்.

இதில் வேடிக்கை, அந்தப் பூட்டு விளையாட்டு எனக்கும் பிடித்துப்போனது. அவள் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பழகு பூட்டு ஒன்று வாங்கியிருந்தாள். வளைந்த கம்பி ஒன்றைச் சாவித் துவாரத்தில் வைத்து லேசாகத் திருக்கிப் பிடிக்கவேண்டும். இன்னொரு மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கிற குட்டிக் குட்டிப் பின்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளவேண்டும். கடைசிப் பின் ஏறியதும் பூட்டு சட்டென்று விட்டுக்கொடுக்கும். முதல் தடவை அது திறந்தபோது, இத்தனை வயதில் எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவள், “அடிபொளி சேச்சி, எனக்கு ரெண்டு நாளாச்சு, நீங்க ஒரு மணிக்கூர்ல தொறந்துட்டீங்க” என்றாள். பாராட்டுகிறாளா, என் கையை அளவெடுக்கிறாளா என்று அப்போதும் யோசித்தேன். என் குணம் அப்படி.

ஞாயிறு சாயங்காலங்களில் ஒரு காபிக் கடையில் நாலைந்து பேர் கூடிப் பழகினோம். எல்லோரும் கற்றுக்குட்டிகள். அங்கே ஒரே ஒரு சட்டம்: உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே, உபயோகத்தில் இருக்கிற பூட்டைத் தொடவே தொடாதே. பழக மலிவுப் பூட்டு வாங்க ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனபோது கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“எதுக்கு மக்ளே இத்தன பூட்டு? ஹாஸ்டல் தொடங்கியாச்சோ?”

“சும்மா தொறந்து பாக்கதுக்காக்கும்” என்றாள் அவள். அவர் பூட்டுகளைப் பொட்டலம் கட்டினார், ஆனால் நாங்கள் தெரு திரும்புகிறவரை கடைக்கு வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம்தான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அண்ணன் போன் செய்தான். “நீ வக்கீலப் பாத்தியாமே? டைவர்ஸாமே?” யார் சொன்னது என்றேன். “யாரு சொன்னா உனக்கென்ன? அம்மை சோறு திங்காம கெடக்கா. ஞாயித்துக்கிழம நாங்க எல்லாரும் அங்க வாறோம்” என்று வைத்துவிட்டான்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஃபைல் அலமாரியில், அலமாரிக்குப் பக்கத்தில் பூட்டுத் திறக்கிறவள், அவளுக்கொரு அம்மா, அந்த அம்மாவுக்கொரு சபை வாசல். பாவி, என் கூடவே டீ குடித்துக்கொண்டு இதைச் செய்தாளே என்று மனதுக்குள் திட்டினேன்.

வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள், அதற்கு மேல் எனக்கு என்ன கிடைக்கும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். என் தலைமுடி ஒன்றைக் கொண்டிக்குக் குறுக்கே ஒட்டி வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். வந்து பார்த்தால் முடியைக் காணோம். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. “மேலுக்கு சுகமில்லையா சேச்சி, முகம் வாடியிருக்கு” என்று அவள் கேட்டாள். பார், நோட்டம் விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை எனக்கு வீட்டிலிருந்து வேலை. அவள் ஆபீஸ் போயிருந்தாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு கம்பிகளை எடுத்துக்கொண்டு அவள் அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். என் மனுவை அவள் நகல் எடுத்து வைத்திருப்பாள், குறைந்தது படமாவது பிடித்து வைத்திருப்பாள், அதைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று வெறி. காபிக் கடைச் சட்டமெல்லாம் நல்லவர்களுக்கு என்று சொல்லிக்கொண்டேன். கை வியர்த்து வழுக்கியது. நாற்பது நிமிடம் கழித்துப் பூட்டு திறந்தது. கம்பியை உருவினேன். பாதிதான் வந்தது. நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

அதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று அலமாரியைத் துழாவினேன். சுரிதார்கள், சர்டிபிகேட்டுகள், பிஸ்கட் டப்பா ஒன்று. டப்பாவில் அவளுடைய பாஸ்போர்ட், அதற்கு அடியில் ஒரு பழுப்புக் கவர். மேலே என் கையெழுத்து. ஒட்டிய வாயின் குறுக்கே மறுபடி என் கையெழுத்து, அதன்மேல் டேப்.

என் அலமாரியின் இரண்டாவது சாவி. குடிவந்த புதிதில் நான்தான் கொடுத்தேன், ஒன்று தொலைந்தால் இருக்கட்டும் என்று. எங்கள் சம்பளப் பிரிவில் பாஸ்வேர்டை இப்படித்தான் கவரில் போட்டு, வாயில் குறுக்கே கையெழுத்துப் போட்டுப் பத்திரப்படுத்துவோம். ஒருவரையும் நம்பாத என் ஆபீஸ் புத்தியில் செய்துவிட்டு, சுத்தமாக மறந்துபோயிருந்தேன். டேப் ஒரு ஓரத்தில்கூடப் பிரியவில்லை. என் அலமாரியைத் திறக்க அவளுக்குக் கம்பி எதற்கு?

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள், வக்கீல் ஆபீஸிலிருந்து என் பெயருக்கு வீட்டுக்கே கடிதம் வந்ததாம், அண்ணன் பிரித்தானாம். வக்கீலிடம் நான் கொடுத்தது ஆதார் நகல். அதில் ஊர் விலாசம்தான் இருக்கிறது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் என் ஆதாரைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துப் பூட்டைக் கொண்டியில் சும்மா மாட்டினேன். அழுத்திப் பூட்டினால் பிறகு திறக்க வழியில்லை, உள்ளே கிடக்கிற கம்பி நுனி அவள் சாவியை விடாது. புதுப் பூட்டு வாங்கி மாட்டலாமா, திருடன் வந்தான் என்று சொல்லலாமா என்றெல்லாம் புத்தி ஓடியது. அதற்குள் அவள் வந்துவிட்டாள். பூட்டு திறந்தபடி தொங்குவதைப் பார்த்ததும் நேராக அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் துவாரத்தைப் பார்த்தாள்.

“எவ்வளவு நேரமாச்சு சேச்சி?”

“நாப்பது நிமிஷம்.”

தலையாட்டினாள். உடனே நடந்ததையெல்லாம் சொன்னேன், மனு, அண்ணன், முடி, ஆதார், ஒன்றுவிடாமல். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன்.

“கேட்டிருந்தா நானே தொறந்து காட்டியிருப்பேனே” என்றாள் கடைசியில். பிறகு டப்பாவிலிருந்து அந்தக் கவரை எடுத்து என்னிடம் நீட்டினாள். “இது இனி என்கிட்ட வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அவள்தான் டீ போட்டுக் கொடுத்தாள். நான் மசியவில்லை, மனுவும் கொடுத்தாயிற்று. அவள் நாலு மாதம் கழித்து வேறு வீடு பார்த்துப் போனாள். அந்த நாலு மாதமும் தன் அலமாரிக்கு அவள் பூட்டே போடவில்லை. கதவு பாதி திறந்தபடி கிடக்கும், பிஸ்கட் டப்பா வெளியே தெரியும். நான் மட்டும் தினமும் என்னுடையதைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் போனேன்.