ஒரே கணினியில் ஐந்து பேர்

மரக்காணத்தில் உரக்கடை மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மூன்று கணினிகள், ஒழுங்காக ஓடியது ஒன்றுதான். சகாயமேரி அந்த மாடிக்கு ஏறுவதைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். இடது காலை வைப்பார், வலது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்ப்பார், நின்று மூச்சு வாங்குவார். வலது காலில் பெருவிரல் இல்லை. பதினோரு வருடம் உப்பளத்தில் நின்ற கால். சர்க்கரை நோயும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து விரலைத் தின்றுவிட்டன.

"இன்னொரு தடவ உப்புத் தண்ணியில கால வச்சா பாதத்தையே எடுக்கணும்மா" என்று அரசு மருத்துவமனை டாக்டர் சொல்லியிருந்தார்.

கணவர் இறந்து ஆறு வருடம். உப்பளத்துக்குப் போகாமல் சாப்பிட அவருக்கு இருந்த ஒரே வழி துணிப் பொம்மை. சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று தைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டது. யாரிடம் விற்பது என்று மட்டும் சொல்லவில்லை. பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த வினோதினிதான் மும்பைக் கம்பெனி ஒன்றின் இணையச் சந்தையில் அவருக்குக் கடை திறந்து கொடுத்தாள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதா, சூசையப்பர், குழந்தை, ஒரு கழுதை. வாங்கியவர்கள் கழுதையைத்தான் அதிகம் பாராட்டினார்கள். பாராட்டு ஒன்றுக்கு ஒரு நட்சத்திரம். 2005 டிசம்பருக்குள் நாற்பத்தோரு நட்சத்திரங்கள். முகம் தெரியாதவர்கள் அதைப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

தனக்குக் கிடைத்த வழியை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு ஜான்சியையும் இன்னும் மூன்று பெண்களையும் அதே மாடிக்கு அழைத்துவந்து, அதே கணினியில் கடை திறக்க வைத்தார்.

டிசம்பர் இரண்டாம் வாரம் அந்தச் சந்தை திடீரென்று முகத்தை மாற்றிக்கொண்டது. நிறம் மாறியது, பொத்தான்கள் இடம் மாறின. யாரும் கேட்காத மாற்றம்.

"அக்கா, உள்ள விடமாட்டேங்குது" என்றாள் வினோதினி.

"பாஸ்வேர்ட தப்பா அடிச்சிட்டியா?"

"இல்லக்கா. ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்து அஞ்சு பேர் வர்றீங்களாம். அப்போ அஞ்சு பேரும் ஒரே ஆளாம். கள்ளப் பேர்ல கடை போட்டிருக்கீங்கன்னு எல்லாத்தையும் பூட்டிட்டான்."

ஜான்சி சிரித்துவிட்டார். "நானும் இவளும் ஒரே ஆளா? இவ இடுப்புல பாதி இருப்பனாடி நானு?"

புகார் சொல்ல ஒரு பக்கம் இருந்தது. அதைத் திறக்க முதலில் உள்ளே நுழைய வேண்டுமாம்! வந்திருந்த பதினான்கு ஆர்டர்களின் முகவரிகளும் உள்ளேதான். தைத்து முடித்த பொம்மைகள் முகவரி இல்லாமல் கோணிப்பையில் கிடந்தன. கண்ணு பட்டிருக்கும் என்றார்கள் தெருவில். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார்கள். கண்ணும் படவில்லை, கடவுளும் சோதிக்கவில்லை. ஆளுக்கொரு கணினி வைத்திருக்கும் சிலர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, ஊரே ஒரு கணினியில் வாழும் என்பதை யோசிக்காமல் ஒரு விதி எழுதினார்கள். அதைச் செய்தவர்கள் மனிதர்கள். அவர்களிடம் கேள்வி கேட்க ஒரு வாசல்கூட இல்லை.

ஆறாம் நாள் திரையில் ஒரு கட்டம் வந்தது. வினோதினி படித்துச் சொன்னாள்: "மத்த நாலு கடையும் நான்தான் பொய்ப் பேர்ல திறந்தேன்னு ஒத்துக்கிட்டா உங்க கடைய மட்டும் திறப்பானாம். மத்தது போயிடும்க்கா."

"அது பொய்யாச்சே. ஜான்சி இதோ நிக்கிறா."

"அமுக்குடி" என்றார் ஜான்சி.

"மாட்டேன். ஒங்க நாலு பேரையும் இல்லாத ஆளுங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"எனக்கு ரெண்டு காலும் முழுசா இருக்குது. நான் எங்கயாவது போய்ப் பொழச்சிக்குவேன். நீ பேசாம இரு." மௌசைப் பிடுங்கி அழுத்தியது ஜான்சிதான்.

கடை திறந்தது. 'புதிய விற்பனையாளரை வரவேற்கிறோம்' என்றது திரை. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. தாமதமான ஆர்டர்கள் பதினான்கும் ரத்து. நட்சத்திரம் இல்லாத கடைகளைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுவது இன்னொரு புதிய ஏற்பாடு. கிறிஸ்துமஸ் போயிற்று. பொங்கலும் போயிற்று. ஒரு கழுதைகூட விற்கவில்லை.

தை மாதம் உப்பளத்தில் ஆள் எடுத்தார்கள். கூடவே வரிசையில் நின்ற ஜான்சி, தண்ணீர் படாமல் இருக்கச் சகாயமேரியின் வலது பாதத்தில் பாலிதீன் பையைச் சுற்றிக் கணுக்காலில் கயிற்றால் கட்டிவிட்டார். வரிசை நகர்ந்தது.

"ஏம்மா மேரி, கால் ஆறிடிச்சா?" என்றார் மேஸ்திரி சகாதேவன்.

"ஆறிடிச்சுங்க."

அவர் குனிந்து பார்க்கவில்லை. "சரி, மூணாவது பாத்திக்குப் போ."

சகாயமேரி இடது காலை முதலில் இறக்கினார். பிறகு வலது காலை இழுத்து, அதன் பக்கத்தில், தண்ணீருக்குள் வைத்தார்.