பெல்லெக்ரினோ மலையில் வெறுங்காலுடன் வல்லூறு பார்த்தோம்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் எங்களுக்கு ஒரு அநியாயம் நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொந்தே பெல்லெக்ரினோ மலையில் பறவை காட்டும் நடைக்குழு ஒன்றில் நானும் என் தங்கை தவமணியும் பதிவு செய்திருந்தோம். மலையடிவாரத்தில் வழிகாட்டி எங்கள் கால்களைப் பார்த்தார். செருப்பில்லாதவர்கள் வரக்கூடாது என்று எல்லோர் முன்னிலையிலும் விலக்கி நிறுத்தினார். கட்டணத்தை அங்கேயே திருப்பித் தந்தார். பணம் வந்தது, மரியாதை வரவில்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து மே மாதம் தங்கையிடம் வந்தவன். பறவைகளைப் பற்றி யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. தொண்டைமானாற்று நீரேரிக் கரையில் நின்று நானாகவே பழகினேன். பலெர்மோ என்றால் பல்லரோ சந்தை, தேவாலயம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த நகரத்தின் தலைக்கு மேலேயே, கடலைப் பார்த்த செங்குத்துப் பாறைகளில் பொரி வல்லூறு கூடு கட்டுகிறது. அதைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்றிருந்தேன். தவமணி ஒரு வயோதிப இத்தாலியச் சீமாட்டியின் வீட்டில் தங்கி வேலை செய்பவள். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. எனக்கு மிஞ்சியிருந்த கடைசி ஞாயிறு அது.

வெறுங்காலுக்குக் காரணம் உண்டு. மலைமேல் குகைக்கோயிலில் இருக்கும் சாந்தா ரொசாலியா என்ற புனிதைக்குப் பலெர்மோவில் குடியேறிய நம் சைவச் சனங்களும் நேர்த்திக்கடன் வைத்து வெறுங்காலுடன் ஏறுவார்கள். தன் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததற்குத் தவமணி வைத்த நேர்த்தி அது. இரண்டையும் ஒரே ஏற்றத்தில் முடிக்கலாம் என்று நினைத்தோம். துணைக்கு நானும் கழற்றிவிட்டேன். எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழைதான். ஆனால் பதிவுப் பக்கத்தில் காலணி பற்றி ஒரு சொல் இருக்கவில்லை.

"ஸ்கூசி, ஸ்கூசி" என்று வழிகாட்டியிடம் மன்னிப்புக் கேட்ட தவமணி, என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவையோட போங்கோ. நான் மெல்ல ஏறி வாறன்."

"நீ இல்லாமல் எனக்கென்ன பறவை? என்னத்துக்கு அவனிட்டை மன்னிப்புக் கேட்டனீ?"

"இஞ்சை வந்த நாளிலையிருந்து அதுதானே என்ரை வேலை. உங்களோட கதைக்கிறதும் எருமையோட கதைக்கிறதும் ஒண்டு."

"ஓம், எருமைதான். நட."

கல் பாவிய பழைய பாதையில் ஏறினோம். கோயில்வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். சிசிலிக்கே உரிய பச்சை முதுகுப் பல்லிகள் கற்களில் வெயில் காய்ந்தன. பாதி வழியில் தவமணியின் பாதம் எரிந்தது. ஒரு வளைவில் பைன் மர நிழலில் உட்கார்ந்தோம். எதிரே பாறை, கீழே நகரம், அப்பால் கடல்.

"அண்ணை, அங்கை பிராந்து!"

பாறையிலிருந்து புறாக்கள் சிதறின. மேலிருந்து ஒன்று இறக்கையை ஒடுக்கிக் கல்லாக விழுந்தது. காற்றில் சில இறகுகள் மட்டும் மிதந்தன.

"பிராந்தில்லையடி, வல்லூறு" என்றேன். புறாவைக் காலில் தூக்கிக்கொண்டு அது பாறை இடுக்குக்குத் திரும்பும்வரை தவமணி எழுந்தே நின்றாள்.

"இவ்வளவு வருசமும் முள்ளுக்குப் பயந்து நிலத்தைப் பாத்தெல்லோ ஏறினனான்" என்றாள்.

கோயில் வாசலில் அதே வழிகாட்டி எதிர்ப்பட்டு ஏதோ கேட்டார். தவமணி நிமிர்ந்து இத்தாலியத்தில் பதில் சொல்லிவிட்டு நடந்தாள். "வல்லூறு கண்டனீங்களோ எண்டு கேட்டார். வெறுங்காலோட கண்டனாங்கள் எண்டன்." ஸ்கூசி சொல்லவில்லை. என் தங்கை!

போகிறவர்கள் வசந்தகாலத்தில், வெயில் ஏறுமுன் போங்கள். தண்ணீர் எடுங்கள். நகரப் பேருந்தும் கோயிலுக்குப் போகிறது, ஆனால் வல்லூறு பார்க்க நடக்கவேண்டும்.

இனி நடக்கவேண்டியவை. நடைக்குழு நடத்துபவர்கள் காலணி விதியைப் பணம் வாங்குமுன் எழுதவேண்டும். யாரையும் விலக்குவதென்றால் தனியே அழைத்துச் சொல்லவேண்டும். அந்த வழிகாட்டி தவமணியிடம் நேரில் மன்னிப்புக் கேட்கவேண்டும். பலெர்மோத் தமிழர் நேர்த்திக்கு ஏறும்போது அந்த வளைவில் நின்று பாறையைப் பார்க்கவேண்டும், பிள்ளைகளுக்கும் காட்டவேண்டும். தவமணி செய்யவேண்டியது ஒன்றுமில்லை. அவள் செய்துவிட்டாள்.