தட்டச்சு அடித்த சீட்டு

1978 மே மாதத்தில் பிலோமினாளுக்கு நாற்பத்தெட்டு வயது. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. ஞானஒளிவுபுரத்தில் இரண்டு அறை வீடு. ஓர் அறையில் அவள்; மற்றதில் பக்கவாதம் வந்து நாலு வருஷமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா பாக்கியம். அம்மாவுக்குப் பேச்சு குழறுமே தவிர கோபம் குழறாது. ஊட்டிய கஞ்சியை மகளின் முகத்திலேயே துப்புவாள். விடியுமுன் எழுந்து அவளைத் துடைத்து, விரிப்பு மாற்றி, வேலைக்காரி சின்னத்தாய் வந்ததும் ஒப்படைத்துவிட்டு பஸ்சுக்கு ஓடுவாள் பிலோமினாள்.

கல்லூரியில் அவளுக்கென்று இருந்தது ஸ்யாமளா ஒருத்திதான். அதே துறை, ஆறு வயது இளையவள். துறை அறையில் இருவரின் மேசையும் ஒட்டிக் கிடக்கும். பதினோரு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். ஸ்யாமளாவின் கணவர் பஞ்சாபகேசன் நாக்பூரில் மாற்றலில் இருக்கிறார் என்றுதான் கல்லூரி முழுக்க நம்பியது. தீபாவளிக்கும் ஏன் வரவில்லை என்று கேட்டால், லீவு கிடைக்கவில்லை என்பாள். உண்மையில் அந்த மனிதர் வேறொருத்தியோடு காரைக்குடியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். இதை ஸ்யாமளா ஒரு மத்தியான வேளையில், தயிர்சாதத்தைத் தொடாமல் டப்பாவை மூடி வைத்துவிட்டு, பிலோமினாளிடம் மட்டும் சொன்னாள்.

பிலோமினாளும் ஒரு நாள் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தாள். "அம்மா எப்பப் போவாங்கன்னு இருக்கு ஸ்யாமளா. பாவந்தான். ஆனா அதத்தான் நெனச்சுக்கிட்டு எந்திரிக்கிறேன் தினமும்."

"சொல்லி எறக்கி வச்சிட்டீங்கல்ல. விடுங்கக்கா," என்றாள் ஸ்யாமளா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

துறைத்தலைவி அடுத்த வருஷம் ஓய்வு பெற இருந்தார். பிரின்சிபால் இவர்கள் இருவரையும் கூப்பிட்டு, கோடை விடுமுறையில் கல்லூரி ஆசிரியர்களுக்கு நடக்கும் மூன்று வாரப் பயிற்சிக்குப் போகச் சொன்னார். "கற்பிக்கிறது எப்படி, ஒரு துறைய நடத்துறது எப்படின்னு சொல்லிக் கொடுப்பாங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அடுத்த தலைவர். அவங்க ரிப்போர்ட் வரட்டும், பாத்துக்கலாம்." பஸ்சில் வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டார்கள். "நீங்க வந்தா எனக்குக் காலை வகுப்பு போடாதீங்கக்கா," என்றாள் ஸ்யாமளா.

பயிற்சி நடந்த கட்டடம் கீழக்குயில்குடிப் பக்கம், சமணர் மலையின் வெக்கை நேராக வந்து அடிக்கிற இடத்தில் இருந்தது. பல ஊர்க் கல்லூரிகளிலிருந்து இருபத்து நாலு பேர். இவர்கள் கல்லூரியிலிருந்து வரலாற்றுத் துறை விஜயமும் வந்திருந்தாள். முதல் நாள் ஆளுக்கொரு கத்தைப் படிவம் கொடுத்தார்கள். பயணப்படி, சாப்பாடு, குடும்ப நிலை, பொறுப்பு ஏற்பதில் உள்ள தடைகள் என்று என்னென்னவோ கேட்டிருந்தது. முழங்காலில் வைத்து அவசரமாக நிரப்பிக் கொடுத்தார்கள்.

முதல் வாரம் பிலோமினாளுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். அதை டேப் ரிக்கார்டரில் பதிந்து போட்டுக் காட்டினார்கள். இருபத்து மூன்று வருஷமாகப் பாடம் நடத்தியவள் தன் குரலை அன்றுதான் கேட்டாள். கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளைகள் வாய் திறக்குமுன் தானே பதிலையும் சொல்லிவிடுகிறாள் என்று தெரிந்தது. ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள்: 'பத்து எண்ணும்வரை பேசாதே.'

இரண்டாவது வாரம் தலைமைப் பயிற்சி. நடத்த வந்தவர் கல்யாணராமன் என்ற மனோதத்துவ டாக்டர். குரலை உயர்த்தவே மாட்டார். ஆறு ஆறு பேராகப் பிரித்து, நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். பிலோமினாள், ஸ்யாமளா, விஜயம் மூவரும் ஒரே வட்டத்தில் விழுந்தார்கள்.

"உங்க குறைய உங்க முகத்துக்கு நேரா யாரும் சொன்னதில்ல," என்றார் அவர். "அதனாலதான் தலைமைக்கு வர்றவங்க தடுமாறுறாங்க. இந்த வட்டத்துல இருக்கிற யாரப் பத்தி வேணும்னாலும் எழுதுங்க. பேர் போட வேண்டாம். கையெழுத்து தெரியாம டைப் அடிச்சுக் கொண்டாந்துருவோம். அவங்கவங்க சீட்ட அவங்கவங்களே வாசிக்கணும், சத்தமா."

பிலோமினாள் ஸ்யாமளாவைப் பற்றி நல்லதாக இரண்டு வரி எழுதினாள். சாப்பாட்டுக்குப் பின் சீட்டுகள் வந்தன. முதல் சீட்டில் 'கடமை தவறாதவர்.' இரண்டாவதில் 'சற்றுக் கண்டிப்பு.' மூன்றாவதை எடுத்து வாசிக்கத் தொடங்கியவள் பாதியில் நின்றாள்.

"நிறுத்தாம வாசிங்க," என்றார் கல்யாணராமன்.

வாசித்தாள். "படுக்கையில் கிடக்கும் தாய் எப்போது சாவாள் என்று காத்திருப்பவர். அந்தக் காத்திருப்பைத் தியாகம் என்று ஊருக்குக் காட்டுகிறார். இவர் கையில் துறையைக் கொடுத்தால் அதையும் ஒரு பிணம்போலத்தான் பார்த்துக்கொள்வார்."

 "எப்படி இருக்கு?" என்று கேட்டார் அவர், காய்ச்சல்காரரிடம் டாக்டர் கேட்பதுபோல. பிலோமினாள் ஸ்யாமளாவைப் பார்த்தாள். ஸ்யாமளா தலை குனிந்திருந்தாள். அது போதுமாக இருந்தது. இந்த உலகத்தில் அந்த வார்த்தையை ஒரே ஒரு காதில்தான் போட்டிருக்கிறாள். அந்தக் காது எதிரே தோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் பஸ்சில் ஸ்யாமளா, "எவனோ எழுதிட்டுப் போறான், மனசுல வச்சுக்காதீங்கக்கா," என்று கையைப் பிடித்தாள். பிலோமினாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு நாளில் அடுத்த சுற்று இருந்தது.

அந்தச் சுற்றில் அவள் ஒரே ஒரு சீட்டு எழுதினாள்.  மத்தியானம் ஸ்யாமளா தன் சீட்டுகளை வாங்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்கும் பழக்கத்தில் இந்த வட்டத்திலும் நின்றுதான் வாசிப்பாள்.

"கட்டிய கணவனையே வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் ஒரு துறையை எப்படி வைத்துக்கொள்வார்? நாக்பூர் நாக்பூர் என்கிறாரே, அந்த மனிதர்..."

நிறுத்திவிட்டாள். கல்யாணராமன் விரலால் 'மேலே' என்று காட்டினார். ஸ்யாமளா அவரைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். பிறகு, பாடப் புத்தகத்தை வாசிப்பதுபோல வாசித்தாள். "அந்த மனிதர் காரைக்குடியில் இன்னொருத்தியோடு இருக்கிறார். குங்குமம் மட்டும்தான் இவரிடம் இருக்கிறது."

விஜயம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்யாமளா சீட்டை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. பிலோமினாளுக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அது சந்தோஷம்தான் என்பதைப் பின்னாளில் அவளே ஒப்புக்கொண்டாள்.

மூன்றாவது வாரத்துக்கு ஸ்யாமளா வரவில்லை. ஜூனில் கல்லூரி திறந்தபோது மாணவிகள்வரை விஷயம் போயிருந்தது. யாரோ கரும்பலகையில் 'நாக்பூர் எக்ஸ்பிரஸ்' என்று எழுதிவைத்தார்கள். ஸ்யாமளா அதை அழித்துவிட்டுப் பாடம் நடத்தினாள். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள். 'அக்கா' போய் 'மிஸ்' வந்தது. பயிற்சி ரிப்போர்ட்டில் பிலோமினாளைப் பற்றி 'துணிச்சலாகக் கருத்துச் சொல்பவர், தலைமைக்கு ஏற்றவர்' என்று இருந்தது. அவளே தலைவியானாள். இரண்டு வருஷம் கழித்து ஸ்யாமளாவின் மகளுக்கு வந்த நல்ல இடம் ஒன்று, அப்பா விஷயம் தெரிந்து கைவிட்டுப்போயிற்று. அதையும் பிலோமினாள் விஜயம் வாயிலாகத்தான் கேள்விப்பட்டாள். 'எழுதினவளுக்குத் தெரியட்டும் வலி' என்று நினைத்துக்கொண்டாள். அதற்கடுத்த வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

1984-இல் கல்லூரியிலேயே ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். வந்தவர் அதே கல்யாணராமன். துறைத்தலைவி என்பதால் சாப்பாட்டில் அவர் பக்கத்தில் பிலோமினாளை உட்காரவைத்தார்கள். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தொழில் ரகசியம் பேசினார் மனிதர்.

"மொதச் சுற்றுல எல்லாரும் சர்க்கரையாத்தான் எழுதுவாங்கம்மா. அப்படியே விட்டா மூணு வாரமும் வீண். அதனால ரெண்டு மூணு சீட்டு நானே எழுதி டைப்பிஸ்ட்கிட்டக் கொடுத்துருவேன். ஒருத்தருக்கு உறைச்சாப் போதும், அப்புறம் தானாப் பத்திக்கும்."

"அவங்க விஷயம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிவத்துல அவங்களே எழுதிக் கொடுக்கிறதுதான். தாயார் படுக்கை, நாலு வருஷம்னு ஒருத்தர் எழுதியிருந்தா, மனசுல என்ன இருக்கும்னு தெரியாதா? எல்லாருக்கும் அதுதான் இருக்கும்." அவளுக்கு எழுதியதை அவர் மறந்தே போயிருந்தார். ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிலோமினாள் கைகழுவிவிட்டு நேரே துறை அறைக்குப் போனாள். ஸ்யாமளா தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள் பிலோமினாள். தன் சீட்டு, அதை யார் எழுதியதென்று நினைத்தது, அதற்காக எழுதியது, இப்போது கேட்டது.

ஸ்யாமளா சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தாள். "ஓஹோ. நான்தான் எழுதினேன்னு நெனச்சீங்களா?"

"ஒங்கிட்ட மட்டுந்தானே சொல்லியிருந்தேன்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? தலைவி ஆகணும்னு எழுதிட்டாங்க, ஆசை யாருக்கு இல்லன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்னு நெனச்சுக்கிட்டு இந்த ஆறு வருஷமும் இந்த ரூமுக்கு வந்துட்டுப் போயிட்டேன்." குரல் ஏறவேயில்லை. "பதினோரு வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டுட்டு, நான் அப்படி எழுதுவேன்னு நம்பிட்டீங்க. இத ஏன் மிஸ் இப்ப வந்து சொன்னீங்க? உங்களுக்கு லேசாயிரும்னா?"

"என்ன மன்னிச்சிரு ஸ்யாமளா."

"அவர் எழுதினது ஊகம். நீங்க எழுதினது நான் சொன்னது." மணி அடித்தது. ஸ்யாமளா வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவளிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது: தன் ஓய்வு நேரமும் தலைவியின் ஓய்வு நேரமும் ஒன்றாக வராதபடி கால அட்டவணையை மாற்றித்தர வேண்டும். பிலோமினாள் மாற்றிக் கையெழுத்துப் போட்டாள். ஓய்வு பெறும்வரை நாலு வருஷமும் அந்த அட்டவணைதான்.

1988-இல் பிலோமினாளுக்குப் பிரிவுபசார விழா. துறையின் மூத்தவள் என்ற முறையில் ஸ்யாமளா பேசினாள். மூன்று நிமிஷம். பிலோமினாள் மிஸ் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, பாடத்திட்டத்தை முடிக்காமல் விட்டதில்லை, வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருப்பார் என்றாள். ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்யாமளா மாலையைப் போட்டுவிட்டு, மேடையின் மறுபக்கப் படியில் இறங்கி, ஐந்து மணி பஸ்சைப் பிடிக்கப் போனாள்.